மெதுவாக ஆடிப் பழகினால் கை வேகமாகுமா?

கேள்வி: எனக்கு 38 வயது. அக்கா மகன் ஆடுவதைப் பார்த்து நானும் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' என்ற கம்ப்யூட்டர் போர் விளையாட்டை ஆடத் தொடங்கினேன். தரவரிசைக்காக மற்றவர்களோடு ஆடும் ரேங்க்டு ஆட்டங்களில் தோல்விக்கு மேல் தோல்வி. என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் எதிராளியின் படை என் ஊருக்குள் நிற்கிறது. அதனால் மூன்று மாதமாக வேகத்தை 'ஸ்லோ'வில் வைத்து கம்ப்யூட்டருடன் ஆடிப் பழகுகிறேன். அங்கே கடினமான நிலையையும் ஜெயித்துவிடுகிறேன். திரும்ப ரேங்க்டு பக்கம் போனால் பழைய கதைதான். "மெதுவா ஆடறது வேஸ்ட் மாமா" என்கிறான் அவன். இசை கற்பவர்கள் மெதுவாக வாசித்துத்தானே வேகத்துக்குப் போகிறார்கள் என்பது என் வாதம். யார் சொல்வது சரி? இந்த வயதில் எனக்கு வேகம் வருமா? அப்புறம், அவனோடு ஆடும்போது எந்த வேகத்தை வைத்துக்கொள்வது?

பதில்: முதல் இரண்டு வாரத்துக்கு நீங்கள் செய்தது சரி. மீதி நாட்களுக்கு உங்கள் மருமகன் சொல்வது சரி. ஆனால் அவர் காரணம் சொல்லவில்லை போலிருக்கிறது. அதை நான் சொல்கிறேன்.

கணக்கிலிருந்து தொடங்குவோம். 2019 இல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷனைத்தான் ஆடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அதில் ஸ்லோ என்றால் 1.0, கேஷுவல் 1.5, நார்மல் 1.7, ஃபாஸ்ட் 2.0. ரேங்க்டு நடப்பது 1.7 இல். வேலையாளான ஒரு வில்லேஜர் உருவாக 25 நொடி என்கிறோமே, அது ஆட்டத்தின் கடிகாரப்படி. ஸ்லோவில் அது நிஜமான 25 நொடி. ரேங்க்டில் 15 நொடிகூட முழுசாக இல்லை.

சாதாரண நாகரிகம் ஒன்றில் 3 வில்லேஜர்களோடு தொடங்கி, அவர்களை உருவாக்கும் டவுன் சென்டர் ஒரு நொடியும் சும்மா நிற்காமல் 21 பேரை எட்டி, லூம் என்ற மேம்பாட்டையும் முடித்து, அடுத்த கட்டமான ஃபியூடல் யுகத்துக்கு கிளிக் செய்வதாக வையுங்கள். 18 வில்லேஜர், ஒரு லூம், எல்லாம் தலா 25 நொடி. மொத்தம் 475 நொடி, ஆட்டக் கடிகாரத்தில் 7:55. ஸ்லோவில் இதற்கு உங்களுக்கு உண்மையாகவே எட்டு நிமிடம் கிடைக்கிறது. ரேங்க்டில் 4 நிமிடம் 39 நொடி. ஆடுகளைத் தேடுவது, காட்டுப்பன்றியை இழுத்து வருவது, வீடு கட்டுவது, மரம் வெட்ட ஆள் அனுப்புவது, குதிரைக்காரனை வரைபடம் சுற்ற விடுவது எல்லாமே அந்த நாலரை நிமிடத்துக்குள் நடந்தாக வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஸ்லோவில் எல்லாமே மெதுவாகிவிட்டதாகத் தோன்றும். ஆடு மெதுவாக நடக்கிறது, அம்பு மெதுவாகப் பறக்கிறது, எதிராளியும் மெதுவாகத்தான் வளர்கிறார். மெதுவாகாமல் நிற்பது நீங்கள் மட்டும்தான். உங்கள் கண்ணும் கையும் பழைய வேகத்தில்தான் இருக்கின்றன. ஒன்றைக் கண்டு கை அசைய மனிதருக்கு ஏறக்குறைய கால் நொடி ஆகும். ஸ்லோவில் அந்தக் கால் நொடிக்கு ஆட்டத்திலும் கால் நொடிதான் போகிறது. 1.7 இல் அதே தயக்கத்துக்கு 0.4 நொடிக்கு மேல் போய்விடுகிறது. ஆக ஸ்லோவில் ஆடுபவர், ரேங்க்டில் ஆடும் உங்களைவிட 1.7 மடங்கு சுறுசுறுப்பான வேறொரு ஆள். மூன்று மாதமாக அந்த ஆளுக்குப் பொருந்தும் பழக்கங்களைச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். அவருக்குக் கட்டுப்படியாகும். உங்களுக்கு ஆகாது.

எந்தப் பழக்கங்கள் என்று கேட்பீர்கள். சண்டை நடக்கும்போது முழுவதும் அங்கேயே கண் வைத்திருப்பது. ஒவ்வொரு வில்லேஜரையும் தனித்தனியாகப் பிடித்து வேலைக்கு அனுப்புவது. மவுஸால் படத்தை நகர்த்தி நகர்த்தி டவுன் சென்டரைத் தேடுவது. பன்றி வந்து சேரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பது. ஸ்லோவில் இவற்றில் எதற்கும் தண்டனை கிடையாது. கெட்ட பழக்கம் என்றே தெரியாது, பொறுமையாக ஆடுகிறோம் என்றுகூடத் தோன்றும்.

இதை நானும் பட்டுத்தான் கற்றேன். இதே வகை விளையாட்டான ஸ்டார்கிராஃப்ட் 2 இல் பேன்லிங் என்ற வெடிக்கும் பூச்சிக் கூட்டம் உருண்டு வரும்போது மரீன் வீரர்களைப் பல திசையில் பிரித்து ஓட்டுவது ஒரு கலை. சேர்ந்து நின்றால் எல்லாரும் ஒரே வெடிப்பில் போய்விடுவார்கள். இருக்கிற வேகங்களிலேயே கடைசியான 'ஸ்லோவர்' 0.6. அதில் உட்கார்ந்து மரீன்களை அழகாகப் பிரித்துப் பழகினேன். உண்மையான ஆட்டங்கள் நடக்கும் 'ஃபாஸ்டர்' 1.4, அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். அங்கே போனதும் முதல் பிரிப்புக்குக் கை எழும்போதே பாதிப் படை இல்லை. அதைவிடக் கொடுமை, மரீன்களையே பார்த்துக்கொண்டிருந்ததில் பின்னால் புது வீரர்களுக்கு இடம் தரும் சப்ளை டிப்போ கட்ட மறந்து புதுப் படையும் வராமல் நின்றுவிட்டது. எந்த நேரத்தில் கிளிக் செய்வது என்ற தாளம் 0.6 இல் வேறு, 1.4 இல் வேறு. ஒன்றில் பழகியது மற்றொன்றில் குறுக்கேதான் நின்றது.

உங்கள் இசை வாதத்துக்கு வருகிறேன், அது லேசான வாதமில்லை. ஒரு பாட்டை மெதுவாக வாசித்தாலும் வேகமாக வாசித்தாலும் சுரங்கள் அவைதான். வேகம் கூடியதற்காக நடுவில் நாலு சுரத்தை விட்டுவிட யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த ஆட்டத்தில் அப்படி இல்லை. 1.7 இல் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் யாராலும் செய்ய முடியாது, முதலிடத்தில் இருப்பவராலும் முடியாது. எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். எதை விடுவது, எவ்வளவு நேரம் விடுவது என்பதில்தான் ஆட்டக்காரருக்கும் ஆட்டக்காரருக்கும் வித்தியாசம். எதையும் விட வேண்டிய அவசியமே இல்லாத ஸ்லோவில் அந்தத் தேர்வைப் பழக வழியில்லை.

சதுரங்கத்தைச் சொல்லி மடக்கலாம். நீண்ட நேர ஆட்டம் ஆடுபவர்கள்தானே சில நிமிடமே ஓடும் பிளிட்ஸிலும் நன்றாக ஆடுகிறார்கள்? உண்மைதான். ஆனால் சதுரங்கப் பலகை உங்களுக்காகக் காத்திருக்கும், கடிகாரம் மட்டும்தான் ஓடும். ஒரே சமயத்தில் ஆறு பலகைகளில் காய்கள் தாமாக நகர்ந்துகொண்டிருந்தால் அப்போது ஒப்பிடலாம்.

சரி, அப்படியானால் ஸ்லோ எதற்குமே ஆகாதா? ஆகும். எதை, எந்த வரிசையில் செய்வது என்று தெரியாதபோது அதைவிட நல்ல இடம் இல்லை. புது பில்ட் ஆர்டரின் (எதை எப்போது செய்வது என்ற வரிசை) முதல் சில ஓட்டங்கள், ஹாட்கீகளை (கீபோர்டு குறுக்குவழிகளை) மாற்றியமைத்த பிறகு விரல் வழி கண்டுபிடிக்கும் நாட்கள், பன்றியை எத்தனை அம்புக்குப் பிறகு திருப்பி ஓட வேண்டும் என்பது மாதிரியான விஷயங்கள். குறிப்புத் தாளைப் பார்க்காமல் இரண்டு முறை முடித்துவிட்டால் அந்த வேலை முடிந்தது. மூன்றாவது முறையும் ஸ்லோவில் ஆடினால் அது பயிற்சி இல்லை, ஆறுதல். ஜெயிப்பது யாருக்குத்தான் பிடிக்காது?

அடுத்து என்ன செய்வது என்பதற்கு ஒரு பழைய ஆய்வு எனக்குப் பிடிக்கும். 'ஸ்பேஸ் ஃபோர்ட்ரஸ்' என்று 1980களில் ஆராய்ச்சிக்காகவே செய்த ஒரு விளையாட்டு. கப்பலை ஓட்ட வேண்டும், கோட்டையைச் சுட வேண்டும், கண்ணிகளைக் கவனிக்க வேண்டும், எல்லாம் ஒரே நேரத்தில். டேனியல் கோஃபர் என்ற உளவியலாளரும் அவரது குழுவும் அதில் ஆட்களைப் பழக்கியபோது முழு ஆட்டத்தையும் அப்படியே ஓடவிட்டார்கள். ஆனால் ஒரு சுற்றில் கப்பலைக் கட்டுப்படுத்துவதை மட்டும் முக்கியமாக வைக்கச் சொன்னார்கள், இன்னொன்றில் கண்ணிகளை. மற்றதெல்லாம் நடக்கும், கொஞ்சம் சொதப்பலாம். எல்லாவற்றுக்கும் சம முக்கியத்துவம் கொடுத்து ஆடியவர்களைவிட இப்படி மாற்றி மாற்றிப் பழகியவர்கள் நன்றாக வந்தார்கள். பின்னால் இஸ்ரேல் விமானப்படையின் பயிற்சி விமானிகளுக்கு இந்த விளையாட்டில் 10 மணி நேரம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். விளையாடாதவர்களைவிட அவர்கள் நிஜ விமானத்தில் தேறினார்கள். 1994 இல் அந்த முடிவு வெளியானது.

உங்களுக்கு இது எப்படி உதவும்? வேகத்தை 1.7 இலேயே வைத்து, கவனத்தை மட்டும் சுருக்குங்கள். இந்த வாரம் முழுவதும் ஒரே வேலை: டவுன் சென்டர் சும்மா நிற்கக் கூடாது. பன்றி ஆளைக் கொன்றால் கொல்லட்டும், மரக்குடிசை தப்பான இடத்தில் விழுந்தால் விழட்டும். நடுவில் எங்கே இருந்தாலும் ஹாட்கீயைத் தட்டி வில்லேஜர் வரிசையில் இருக்கிறாரா என்று பாருங்கள், திரும்பி வாருங்கள். ஆட்டம் முடிந்ததும் அதன் பதிவான ரீப்ளேயைத் திறந்து 21 பேரோடும் லூமோடும் ஃபியூடலுக்கு கிளிக் செய்த நேரத்தை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். 9:15 என்று வந்தால், 7:55 க்குப் பிறகான 80 நொடி டவுன் சென்டர் தூங்கியிருக்கிறது. மூன்று வில்லேஜர் நஷ்டம். ஆட்டக் கடிகாரம் எந்த வேகத்திலும் ஒரே கணக்கு என்பதால் உங்கள் ஸ்லோ ஆட்டங்களின் நேரத்தையும் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம். அங்கே 8:05, இங்கே 9:40 என்றால் அறிவில் குறையில்லை, கவனத்தைப் பங்கிடுவதில்தான் குறை.

அடுத்த வாரம் வீடுகள். ஒரு வீடு 5 பேருக்குத்தான் இடம் தரும், அதனால் இதில் மறதி உடனே தெரிந்துவிடும். அதற்கடுத்த வாரம் சண்டை நடக்கும்போது கண்ணை உங்கள் ஊர்ப் பக்கம் திருப்புவது. இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம், ஏனென்றால் சண்டை பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். இதையெல்லாம் கம்ப்யூட்டரோடு ஆடிப் பழகினால் போதும், தோற்றாலும் ரேங்க் இறங்காது. 1.0 இலிருந்து 1.7 க்கு ஒரேயடியாகத் தாவ மூச்சு முட்டினால் நடுவில் 1.5 இருக்கிறது, சில நாள் தங்கிவிட்டு வாருங்கள். ரேங்க்டுக்கு முன்னால் 2.0 இல் ஒரு ஆட்டம் ஆடிப் பார்ப்பது என் சொந்தக் கிறுக்கு. ஆய்வு எதையும் ஆதாரமாகக் காட்ட மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு 1.7 கொஞ்சம் விசாலமாகத் தெரியும்.

மெதுவாக்க ஆசையாக இருந்தால் ரீப்ளேயை மெதுவாக்குங்கள். தோற்ற ஆட்டத்தை எதிராளியின் பக்கத்திலிருந்து ஒரு முறை பாருங்கள். உங்கள் ஊருக்குள் வந்த அந்தப் படை எந்த நிமிடத்தில், எத்தனை பேரோடு கிளம்பியது என்று தெரியும். அனேகமாக நீங்கள் நினைத்ததைவிடச் சின்னப் படையாக இருக்கும்.

வயது. கனடாவில் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 16 முதல் 44 வயது வரையிலான 3,305 ஸ்டார்கிராஃப்ட் 2 ஆட்டக்காரர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2014 இல் வெளியிட்டார்கள். திரையில் புது இடத்தைப் பார்த்ததும் முதல் செயல் வர ஆகும் நேரம் 24 வயதிலிருந்தே மெல்லக் கூட ஆரம்பிக்கிறதாம். நன்றாக ஆடுபவர்களுக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. அதே ஆய்வு இன்னொன்றையும் கண்டது: மூத்தவர்கள் எளிய வழிகளைத் தேர்ந்தெடுத்தும், ஆட்டம் தரும் வசதிகளைச் சிக்கனமாகப் பயன்படுத்தியும் ஈடுகட்டுகிறார்கள். எனவே உங்களுக்கு வேகம் வருமா என்றால், 20 வயதுக்காரரின் வேகம் வராது. இப்போது இருப்பதைவிட நிறைய வரும், ஏனென்றால் உங்கள் தாமதத்தில் பெரும்பகுதி விரலில் இல்லை, "அடுத்து என்ன?" என்ற யோசனையில் இருக்கிறது. கையில் ஒரே ஒரு பில்ட் ஆர்டர் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வேண்டாம்.

கடைசிக் கேள்வி, மருமகனோடு எந்த வேகத்தில்? 1.7 தான். உங்களுக்காக அவர் ஸ்லோவில் ஆடினால் அவருக்குக் கொட்டாவி வரும், உங்களுக்கும் பயன் இல்லை. அதற்குப் பதில் ஆட்டம் தொடங்கி முதல் ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள். 1.7 இல் ஒரு நிமிடம் என்பது ஆட்டத்தில் 102 நொடி, நான்கு வில்லேஜர். அது போதவில்லை என்றால் ஒன்றரை நிமிடம் கேளுங்கள். "வேஸ்ட் மாமா" என்று சொன்னதற்கு இந்த அளவுகூடக் கொடுக்க மாட்டாரா என்ன?