ஐகன் எங்கே போனது? வாசகர் கேள்வி-பதில்

கட்டளைகளை இங்கே உச்சரிப்பின்படி தமிழெழுத்தில் தந்திருக்கிறோம். கணினியில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்; பெரிய எழுத்து வேண்டிய இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம். ரீ (T) வேறு, டி (D) வேறு. மாறித் தட்டினால் கட்டளை வேலை செய்யாது, அல்லது வேறு வேலை செய்துவிடும்.

மாங்குளத்தில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். ஒரு பென்ட்றைவில் சோட்கட் வைரஸ் புகுந்து கோப்புறைகளை மறைத்துவிட்டது. இணையத்தில் பார்த்து அற்றிப் கட்டளை போட்டு மீட்டேன். ஆனால் ஐகன் மாற்றி வைத்திருந்த கோப்புறைகள் எல்லாம் பழையபடி மஞ்சளாகிவிட்டன. ஒவ்வொன்றுக்குள்ளும் டெஸ்க்ரொப்.ஐஎன்ஐ என்று ஒரு கோப்பு கிடக்கிறது. அழிக்கலாமா?

அழிக்க வேண்டாம். உங்கள் ஐகன் விபரம் அதற்குள்தான் எழுதப்பட்டிருக்கிறது. நீங்கள் போட்டது பெரும்பாலும் "அற்றிப் -எஸ் -எச் -ஆர் /எஸ் /டி" என்ற நீளமான கட்டளையாக இருக்கும். (அற்றிப் என்பது 'அற்றிபியூட்' என்ற சொல்லின் முதல் ஆறு ஆங்கில எழுத்து.) எல்லோரும் கைமருந்து போலச் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். அதில் கழித்தல் எஸ் 'சிஸ்டம்' அடையாளத்தையும், கழித்தல் எச் 'ஹிடன்' அடையாளத்தையும், கழித்தல் ஆர் 'ரீட் ஒன்லி' அடையாளத்தையும் கழற்றும். /எஸ் உள்கோப்புறைகள் அத்தனைக்கும் இறங்கும். /டி கோப்புறைகளையும் சேர்த்துக்கொள்ளும்.

சிக்கல் அங்கேதான். ஒரு கோப்புறையில் ரீட் ஒன்லி அல்லது சிஸ்டம் அடையாளம் இருந்தால் மட்டுமே விண்டோஸ் உள்ளே போய் டெஸ்க்ரொப்.ஐஎன்ஐயை வாசிக்கும். இரண்டையும் நீங்கள் கழற்றிவிட்டீர்கள். அதனால் வைரஸ் மறைத்ததும் வெளியே வந்தது, மறைந்திருக்க வேண்டியதும் வெளியே வந்தது, ஐகனும் போனது.

திருத்துவதற்கு முதலில் விண்டோஸின் கட்டளைச் சாளரமான சீஎம்டியில் அந்த றைவுக்குப் போய் "டிஐஆர் /எஸ் /பி /ஏ டெஸ்க்ரொப்.ஐஎன்ஐ" என்று தட்டுங்கள். எந்தெந்தக் கோப்புறையில் அது இருக்கிறதென்று பட்டியல் வரும். பிறகு ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி: கோப்புறைக்கு "அற்றிப் +ஆர் கோப்புறைப்பெயர்", உள்ளே கிடக்கும் கோப்புக்கு "அற்றிப் +எஸ் +எச் கோப்புறைப்பெயர்\டெஸ்க்ரொப்.ஐஎன்ஐ". பெயரில் இடைவெளி இருந்தால் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். கோப்புறைக்கு ரீட் ஒன்லி போட்டால் உள்ளே எதையும் சேமிக்க முடியாதே என்று பயப்பட வேண்டாம். விண்டோஸில் கோப்புறையின் ரீட் ஒன்லி அடையாளம் எழுதுவதைத் தடுப்பதில்லை.

அடுத்த முறை இவ்வகை வைரஸைக் கண்டால் /எஸ் இல்லாமல் மேல்மட்டத்தில் மட்டும் கட்டளையைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது அங்கிருப்பதை மட்டுமே மறைக்கும். பெயரே இல்லாத ஒரு கோப்புறை வெளிப்பட்டால் அதைத் திறவுங்கள். சில வைரஸ்கள் கோப்புகளை அதற்குள் தள்ளிவிடும். சோட்கட்டுகளை மட்டும் இருமுறை சொடுக்காதீர்கள்.

கிளிநொச்சிப் பாடசாலை ஒன்றின் கணினிக்கூடம். தரம் 6 முதல் 11 வரை ஒவ்வொரு கோப்புறைக்கும் ஒவ்வொரு நிற ஐகன் வேண்டும். எல்லாக் கணினிகளிலும் கையால் செய்வதென்றால் ஒரு தவணை போய்விடும். பற்ச் கோப்பு (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) எழுதினேன்; முதல் தடவை ஓடியது, இரண்டாம் தடவை 'அக்சஸ் டினைட்' என்கிறது.

முதல் ஓட்டத்தில் நீங்களே டெஸ்க்ரொப்.ஐஎன்ஐக்கு சிஸ்டம், ஹிடன் அடையாளங்களைக் கொடுத்திருக்கிறீர்கள். அவை இருக்கும் கோப்பின்மேல் '>' அம்புக்குறியால் மறுபடி எழுத சீஎம்டி விடாது. நிர்வாகி உரிமையோடு ஓட்டினாலும் இதே கதைதான். எழுதுவதற்கு முந்திய வரியில் "அற்றிப் -எஸ் -எச் டெஸ்க்ரொப்.ஐஎன்ஐ" சேர்த்துவிடுங்கள், தீர்ந்தது.

கோப்புக்குள் இரண்டே வரி போதும். முதல் வரியில் சதுர அடைப்புக்குள் ஒரு புள்ளி, அதையொட்டி இடைவெளியில்லாமல் 'ஷெல்கிளாஸ்இன்போ'. இரண்டாம் வரி 'ஐகன்றிசோர்ஸ்=', அதன்பின் ஐகன் கோப்பின் பெயர், கமா, 0. ஐகன் கோப்பை அந்தந்தக் கோப்புறைக்குள்ளேயே வைத்துப் பெயரை மட்டும் எழுதுங்கள். சீ றைவின் முழுப் பாதையைக் கொடுத்தால், பிள்ளைகள் கோப்புறையைப் பென்ட்றைவில் வீட்டுக்குக் கொண்டுபோகும்போது ஐகன் பாடசாலையிலேயே நின்றுவிடும்.

ஐகன் கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்க ஆசைப்பட்டால் ஒரு கண்ணி இருக்கிறது. சீஎம்டியின் எக்கோ கட்டளை பழைய எழுத்துக் குறியேற்றத்தில் எழுதுவதால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். விண்டோஸின் இன்னொரு கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் செற்-கொன்ரென்ற் கட்டளையோடு "-என்கோடிங் யூனிகோட்" சேர்த்து எழுதினால் சரிவரும். ஐகனுக்கு மட்டும் ஆங்கில எழுத்தில் பெயர் வைத்துவிட்டால் அந்தத் தலையிடியே இல்லை. கோப்புறைப் பெயர் தமிழிலேயே இருக்கட்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் நிறம் மாறாவிட்டால் விண்டோஸ் பழைய படத்தைத் தன் சேமிப்பிலிருந்து காட்டிக்கொண்டிருக்கிறது. "ஐஈ4யுஇனிற்.ஈஎக்ஸ்ஈ -ஷோ" என்று தட்டுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஒருமுறை லொக் ஓவ் செய்து வாருங்கள்.

பிஎன்ஜி படத்தின் பெயரை ஐசிஓ என்று மாற்றினேன். ஐகன் வரவில்லை, சிலவேளை வந்தாலும் மங்கல். (முள்ளியவளை)

பெயரை மாற்றினால் கோப்பு மாறாது. ஐசிஓ என்பது பல அளவுப் படங்களை ஒன்றாக வைத்திருக்கும் பொதி. 16, 32, 48, 256 பிக்சல் நான்கும் உள்ளே இருக்க வேண்டும். ஒரே அளவு மட்டும் இருந்தால் விண்டோஸ் அதையே இழுத்தும் சுருக்கியும் காட்டும், மங்கல் அதனால்தான். இமேஜ்மஜிக் என்ற படக் கருவியை நிறுவியிருந்தால் (மஜிக் என்பதன் கடைசி ஆங்கில எழுத்துகள் சிகே): "மஜிக் படம்.பிஎன்ஜி -டிஃபைன் ஐகன்:ஓட்டோ-றிசைஸ்=256,48,32,16 படம்.ஐசிஓ". மூலப்படம் சதுரமாக, பின்னணி இல்லாமல் இருக்கட்டும். 16 பிக்சலில் எழுத்து எதுவும் வாசிக்க வராது; பாடசாலை இலச்சினையை அப்படியே போடுவதைவிட ஒரு நிறமும் ஓர் இலக்கமும் மேல்.

ஒரேயொரு எக்செல் கோப்புக்கு மட்டும் வேறு ஐகன் வைக்க முடியுமா?

விண்டோஸில் முடியாது. அங்கே கோப்பின் ஐகன் அதன் வகையைப் பொறுத்தது. மாற்றினால் எல்லா எக்செல் கோப்பும் மாறும். அதற்கு ஒரு சோட்கட் செய்து, சோட்கட்டின் ஐகனை மாற்றுங்கள். லினக்ஸிலும் மாக்கிலும் தனிக் கோப்புக்கே வைக்கலாம்.

வவுனியாவில் பல்கலைக்கழக மாணவன். உபுண்டுவில் குளங்களின் நீர்மட்டத் தரவுகளை இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம் என்று தனித்தனிக் கோப்புறைகளில் வைத்திருக்கிறேன். ஜிஐஓ கட்டளையால் ஐகன் வைத்தேன். ரேர்மினலில் எம்வி (நகர்த்தும் கட்டளை) போட்டு இடம் மாற்றியதும் போய்விட்டது. சூடோ (நிர்வாகி உரிமை) போட்டால் 'நொட் சப்போற்றட்' என்கிறது.

நீங்கள் கொடுத்திருப்பது "ஜிஐஓ செற் இரணைமடு மெற்றாடேற்றா::கஸ்ரம்-ஐகன் ஃபைல்:///..." என்ற கட்டளையாக இருக்கும். கட்டளை சரி. ஆனால் அது கோப்புறைக்குள் எதையும் எழுதுவதில்லை. உங்கள் ஹோமுக்குள் .லோக்கல், ஷெயார், ஜிவிஎஃப்எஸ்-மெற்றாடேற்றா என்று இறங்கினால் ஒரு தரவுத்தளம் இருக்கும். 'இந்தப் பாதைக்கு இந்த ஐகன்' என்ற குறிப்பு அங்கேதான் இருக்கிறது. எம்விக்கு அப்படியொரு தரவுத்தளம் இருப்பதே தெரியாது. பாதை மாறியதும் குறிப்பு அநாதையாகிவிடும். ஃபைல்ஸ் செயலியால் நகர்த்தினால் அது குறிப்பையும் கூடவே மாற்றிவிடும். ரேர்மினலில்தான் வேலை என்றால் எம்விக்குப் பின்னால் ஜிஐஓ வரியையும் ஸ்கிரிப்ற்றில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சூடோவில் தோற்பதற்கும் காரணம் அதுவே. தரவுத்தளம் உங்கள் பயனர் அமர்வுக்குச் சொந்தம். றூட் பயனருக்கு அந்த அமர்வு இல்லை. இதற்கு சூடோ தேவையே இல்லை. குறோன் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) மூலம் ஓட்டுவதாக இருந்தால் ஸ்கிரிப்ற்றின் தொடக்கத்தில் டிபஸ் அமர்வு முகவரி மாறியை (DBUS_SESSION_BUS_ADDRESS, எல்லாம் பெரிய எழுத்து) "யுனிக்ஸ்:பாத்=/றன்/யூசர்/1000/பஸ்" என்று கொடுங்கள். 1000 என்பது உங்கள் பயனர் இலக்கம், "ஐடி -யு" தட்டினால் தெரியும்.

படத்தின் பாதை முழுமையாக, மூன்று சாய்கோட்டோடு தொடங்க வேண்டும். வைத்தது பதிந்ததா என்று பார்க்க "ஜிஐஓ இன்ஃபோ -ஏ மெற்றாடேற்றா::கஸ்ரம்-ஐகன் இரணைமடு". நீக்க "ஜிஐஓ செற் -ரீ அன்செற்", அடுத்து கோப்புறைப் பெயர், அடுத்து அதே மெற்றாடேற்றா பெயர். திரையில் மாறாவிட்டால் எஃப்5.

உங்கள் நண்பரிடம் லினக்ஸின் இன்னொரு திரைச்சூழலான கேடிஈ இருந்தால் இது எதுவும் அங்கே தெரியாது. அதன் கோப்புச் செயலியான டொல்ஃபின், கோப்புறைக்குள் இருக்கும் '.டிறெக்ரறி' என்ற மறைகோப்பைத்தான் பார்க்கும். அதில் சதுர அடைப்புக்குள் 'டெஸ்க்ரொப் என்ற்றி', அடுத்த வரியில் 'ஐகன்=', அதன்பின் படத்தின் பாதை என்று எழுதினால் போதும் (இந்த மூன்று சொற்களின் முதல் எழுத்தும் பெரிய எழுத்து). அது கோப்புறையோடு கூடவே பயணிக்கும்.

மல்லாவியில் ஸ்ரூடியோ. மாக்கில் ஒவ்வொரு கலியாணக் கோப்புறைக்கும் மணமக்களின் படத்தையே ஐகனாக வைக்கிறேன். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் டிஸ்க்கில், அவர்களின் விண்டோஸில் புள்ளியும் அடிக்கோடும் தொடங்கும் குப்பைக் கோப்புகள் தெரிகின்றனவாம். வைரஸ் என்று சண்டைக்கு வருகிறார்கள்.

வைரஸ் இல்லை. மாக் ஐகனைக் கோப்புறைக்குள் 'ஐகன்' என்ற மறைகோப்பாக வைக்கிறது. படம் அந்தக் கோப்பின் 'றிசோர்ஸ் ஃபோர்க்' என்ற பக்கப் பகுதியில் இருக்கும், பிரதான பகுதி 0 பைட். எக்ஸ்ஃபற் வடிவில் ஃபோர்மற் செய்த டிஸ்க்குக்கு அந்தப் பக்கப் பகுதியைத் தாங்கத் தெரியாததால் மாக் அதைத் தனிக் கோப்பாகப் பிரித்துப் போடுகிறது. அதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள்.

கொடுக்கும் பிரதியில் மட்டும் "டொற்_கிளீன் -எம்", அடுத்து டிஸ்க்கின் பாதை, ஓட்டுங்கள். படங்களுக்கு ஒன்றும் ஆகாது, ஐகன் மட்டும் போகும்; விண்டோஸில் அது எப்படியும் தெரியப்போவதில்லை. ஸ்ரூடியோப் பிரதியில் இதை ஓட்டாதீர்கள். ஐகன் வைப்பதற்கு ஃபைல்ஐகன் என்ற இலவசக் கட்டளைக் கருவி வசதி: மாக்கில் கருவிகளை நிறுவ உதவும் ஹோம்புறூவால் நிறுவி, "ஃபைல்ஐகன் செற் கோப்புறை படம்.ஜேபிஜி". கழற்ற "ஃபைல்ஐகன் ஆர்எம் கோப்புறை". ஐகனோடு சிப் செய்ய வேண்டுமானால் சாதாரண சிப் கட்டளை அதை விட்டுவிடும்; "டிற்றோ -சி -கே --சீக்வெஸ்ரர்ஆர்எஸ்ஆர்சி" (sequesterRsrc, நடுவில் வரும் ஆர் மட்டும் பெரிய எழுத்து) பாவியுங்கள்.

பென்ட்றைவுக்கே ஐகன் வைக்கலாமா? (நெடுங்கேணி)

வைக்கலாம். மேல்மட்டத்தில் ஓட்டோறன்.ஐஎன்எஃப், அதில் சதுர அடைப்புக்குள் 'ஓட்டோறன்', அடுத்த வரி 'ஐகன்=' என்று ஐசிஓவின் பெயர். இன்றைய விண்டோஸ் பென்ட்றைவின் ஓட்டோறனிலிருந்து எந்தச் செயலியையும் தானாக ஓட்டாது, ஐகனையும் பெயரையும் மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆனாலும் சில அன்ரிவைரஸ்கள் அந்தக் கோப்பைக் கண்டவுடன் அழித்துவிடும். கடைக்குக் கடை போகும் பென்ட்றைவென்றால் ஐகன் நிலைக்காது. 'லேபல்' கட்டளையால் பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.