கீமோ போட்ட எட்டாம் நாள் காய்ச்சல்: மாத்திரை போட்டுச் சமாளிக்கலாமா?

கேள்வி: என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். இரண்டாவது கீமோ போட்ட எட்டாம் நாள் ராத்திரி காய்ச்சல் 101 டிகிரி. பாரசிட்டமால் கொடுத்தேன், விடிவதற்குள் இறங்கிவிட்டது. சரியாகச் சாப்பிடுவதில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள். ரத்த அணுக்கள் ஏற ஒரு மூலிகைப் பொடி இருப்பதாகத் தெரிந்தவர் சொல்கிறார். கொடுக்கலாமா? ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமா?

பதில்: ஓட வேண்டும். ராத்திரி இரண்டு மணியானாலும் ஓட வேண்டும். இந்த முறை தப்பித்தீர்கள், அவ்வளவுதான்.

கீமோ மருந்து புற்று அணுக்களோடு எலும்பு மஜ்ஜையையும் தாக்குகிறது. கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள் அங்கேதான் உற்பத்தியாகின்றன. மருந்து ஏற்றியதிலிருந்து ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில்தான் அவை பெரும்பாலும் அடிமட்டத்துக்குப் போகும். அந்த நாட்களில் உடம்புக்குள் கிருமி நுழைந்தால் சீழ் கட்டாது, பெரிதாக வீங்காது, சளிகூடக் கட்டாமல் போகலாம். பெரும்பாலும் காய்ச்சல் ஒன்றுதான் வெளியே தெரியும். அதையும் மாத்திரை போட்டு அமுக்கிவிட்டால் கிருமி ரத்தத்தில் பரவுவது யாருக்கும் தெரியாது. சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் விழுந்துவிடலாம்.

கணக்கு எளிது. வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கட்டும். 100.4 டிகிரி (38 செல்சியஸ்) வந்தால் கிளம்புங்கள். நெற்றியைத் தொட்டுப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். காய்ச்சலே இல்லாமல் உடம்பு தூக்கிப்போடுகிற மாதிரி நடுக்கம் வந்தாலும் கிளம்புங்கள்.

"டாக்டரே பாரசிட்டமால் எழுதிக் கொடுத்திருக்கிறாரே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். வெள்ளை அணு ஏறுவதற்காகச் சிலருக்குக் கீமோவுக்கு மறுநாளோ அடுத்த ஓரிரு நாளிலோ தொப்புளைச் சுற்றி ஓர் ஊசி போடுவார்கள். மஜ்ஜை வேகமாக வேலை செய்வதால் இடுப்பும் தொடையும் கழன்று விழுவதுபோல் வலிக்கும். அந்த வலிக்குத்தான் பாரசிட்டமால். அதைக் கொடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு மாத்திரைக்கும் முன்னால் காய்ச்சல் பாருங்கள். கொடுத்த பிறகு பார்த்துப் பயனில்லை, அப்போது தெர்மாமீட்டர் பொய் சொல்லும். 100.4-க்குக் கீழே இருந்தால் கொடுங்கள். அதைத் தொட்டிருந்தால் மாத்திரையை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு போன் செய்யுங்கள். வலி பொறுக்க முடியாமல் அவர் அழுதாலும் முதலில் தெர்மாமீட்டர், பிறகு மாத்திரை. நேரத்தையும் அளவையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

இதையெல்லாம் கீமோ வார்டில் உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்வதில்லை. டிஸ்சார்ஜ் தாளில் இருபது மருந்துப் பெயர்களுக்கு நடுவே 'காய்ச்சல் வந்தால் தெரிவிக்கவும்' என்று ஒரு வரி இருக்கும். கீழே அச்சடித்த அவசர எண்ணை ராத்திரியில் எடுக்க ஆள் இருக்காது. அதனால் அடுத்த முறை வீடு திரும்புமுன், ராத்திரியில் யார் போனை எடுப்பார்கள் என்று கேட்டு எண்ணை வாங்குங்கள், அங்கேயே ஒருமுறை அடித்தும் பாருங்கள். அவசரப் பிரிவில் நுழைந்ததும் முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: "கீமோ போட்டு எட்டாம் நாள், காய்ச்சல் 101." பெயர், முகவரி, காப்பீட்டுக் கதையெல்லாம் பிறகு. வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏறவேண்டும் என்பது சிகிச்சை விதி. ரத்தம் எடுத்ததும் மருந்தை ஆரம்பிக்கலாம், ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. "உட்காருங்கள், கூப்பிடுகிறோம்" என்றால் உட்காராதீர்கள், திரும்பவும் சொல்லுங்கள்.

இனி அந்தப் பொடி. கொடுக்காதீர்கள். விற்பவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். கீமோ வார்டு வாசலில் ஆறுதல் சொல்ல வருவார்கள், மூன்றாவது நாள் டப்பாவை எடுப்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று டப்பாவில் எழுதியிருக்காது. இப்படி விற்கப்படும் சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது சோதனையில் பிடிபட்டிருக்கிறது. ஸ்டீராய்டு தின்றால் பசிக்கும், தெம்பாக இருக்கும், ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணு கூடியதுபோலவும் தெரியும். "பார்த்தீர்களா?" என்பார் பொடிக்காரர். உள்ளே எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும், காய்ச்சலும் மறைந்திருக்கும். கலப்படமே இல்லாவிட்டாலும் மூலிகையால் கல்லீரல் பாதிக்கப்பட்டால் அடுத்த கீமோ தள்ளிப்போகும். 'பக்க விளைவே கிடையாது' என்று எவர் சொன்னாலும் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு வற்புறுத்தாதீர்கள். வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு தேடாமல், எழுதிக் கொடுத்த நேரப்படி கொடுங்கள். சில மருந்துகளுக்குக் குமட்டல் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். சூடான சாப்பாட்டின் வாசனையே குமட்டும், ஆறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். இரண்டு நாள் சாப்பாடு குறைந்தால் பெரிய ஆபத்தில்லை. தண்ணீர் இறங்காமல் சிறுநீர் குறைந்தால் அன்றே போய்க் காட்டுங்கள்.

கோபத்தில் பாதி மருந்துடையதாக இருக்கலாம். வாந்திக்காகக் கீமோவோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அது தூக்கத்தைக் கெடுக்கும், சிடுசிடுப்பைக் கூட்டும், நிறுத்தியதும் ஆளை அப்படியே சாய்த்துவிடும். மாத்திரையாகக் கொடுத்திருந்தால் காலையிலேயே கொடுத்து முடிக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மீதிப் பாதிக்குக் காரணம் அவருக்கு இருக்கிறது, வாதாடாதீர்கள்.

மூன்றாவது கீமோவரை காத்திருக்காமல் இன்றே போன் செய்து அன்றைய காய்ச்சலைச் சொல்லுங்கள், ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கட்டும். அதைப் பொறுத்துத்தான் அடுத்த முறை வெள்ளை அணு ஏற்றும் ஊசியைச் சேர்ப்பதா, மருந்தின் அளவைக் குறைப்பதா என்று அவர்கள் முடிவு செய்ய முடியும்.