பிரஷ் கட்டருக்கு எவ்வளவு ஆயில்?

கேள்வி: தென்னந்தோப்பில் களை வெட்ட டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் வாங்கியிருக்கிறேன். கையேட்டில் 50:1 என்று இருக்கிறது. பக்கத்துத் தோட்டக்காரரோ லிட்டருக்கு 40 மில்லி ஊற்றச் சொல்கிறார். வீட்டில் மிச்சமிருக்கும் பைக் ஆயிலையே கலக்கலாமா?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: கையேட்டின் கணக்குப்படி ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில் போதும். தோட்டக்காரர் சொல்வது 25:1. அவருடைய பழைய என்ஜினுக்கு அது சரியாக இருந்திருக்கலாம், உங்களுடையதில் உபரி ஆயில் பிளக்கிலும் சைலன்சரிலும் கரியாகப் படியும். மூடியால் கண்ணளவாக ஊற்றாமல், மருந்துக் கடையில் கிடைக்கும் 10 மில்லி சிரிஞ்சால் அளந்துகொள்ளுங்கள்.

பைக் ஆயில் கூடவே கூடாது. பைக்கின் ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினில் ஆயில் அடியில் தேங்கிச் சுற்றிவருமே தவிர எரிவதற்கானதல்ல. உங்கள் டூ ஸ்ட்ரோக் என்ஜினிலோ, பெட்ரோலோடு கிராங்க் அறைக்குள் நுழையும் ஆயில்தான் பேரிங்குகளையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டுப் பிறகு எரிந்துபோகிறது என்பதால், சாம்பல் மிகக் குறைவாக விடும் 2டி (2T, அதாவது டூ ஸ்ட்ரோக்) ஆயிலே தேவை. டப்பாவில் ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி (JASO FC, FD) என்ற தரக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். படகு என்ஜினுக்கான ஆயில் நீரால் குளிரும் என்ஜினுக்குரியது, இதற்கு ஆகாது.

தனிக் கேனில் பாதிப் பெட்ரோலை ஊற்றி, ஆயில் முழுவதையும் சேர்த்துக் குலுக்கிய பின் மீதிப் பெட்ரோலை ஊற்றுங்கள். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுப்பதால், வெகுநாள் வைத்திருந்தால் நீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கிவிடும். டேங்கின் உறிஞ்சுகுழாயும் அடியில்தான் கிடக்கிறது. ஆயில் இல்லாத அந்தத் திரவம் உள்ளே போனால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆகவே ஒரு மாதத்துக்குள் தீரும் அளவுக்கே கலந்து வையுங்கள்.

கேள்வி: காலையில் எத்தனை முறை இழுத்தாலும் ஸ்டார்ட் ஆவதில்லையே?
- அதே வாசகர்

பதில்: சோக்கை மூடியபடியே தொடர்ந்து இழுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ‘டப்’ என்று முதல் சத்தம் கேட்டதுமே சோக்கைத் திறந்துவிட வேண்டும். இல்லையேல் பெட்ரோல் மிகுந்து பிளக் நனைந்துவிடும். அப்படி நனைந்திருந்தால், சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றித் துடைத்துவிட்டு, சோக்கைத் திறந்த நிலையில் கயிற்றை நாலைந்து முறை இழுத்த பிறகு பிளக்கை மாட்டுங்கள்.