ரேடியோ குமிழைப் பிரித்த பெண்ணுக்கு எந்தப் படிப்பு?

அம்மா, சனிக்கிழமை உங்கள் மகள் கொண்டுவந்த பழைய ரேடியோவின் வால்யூம் குமிழ் இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. துருவேறி இறுகியதை யாரோ பலமாகத் திருகியதில் தண்டு ஒடிந்திருக்கிறது. "தண்டுதான் போச்சு, உள்ள கார்பன் பட்டை நல்லாத்தான் இருக்கு சார்" என்றாள். அவளை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று நீங்கள் கேட்டதற்கு, எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று அன்றைக்கு உங்களுக்குச் சமாதானம் சொல்லி அனுப்பினேன். அது போதாது.

நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம். அதற்காக அரை ஏக்கரை விற்கச் சொல்லும் உங்கள் கொழுந்தனார் ஒரு ரூபாய்கூடத் தரப்போவதில்லை. அந்தப் படிப்பின் பெருமையை ஊரே சொல்லிவிட்டது, நான் வேறு எதற்கு?

நான் சொல்வது இன்ஸ்ட்ருமென்டேஷன். அளக்கும் கருவிகளின் படிப்பு. அந்தக் குமிழும் ஒரு சென்சார்தான், எவ்வளவு திரும்பியது என்பதை மின்சாரத்தின் அளவாக மாற்றிச் சொல்கிறது. விமானி அசைக்கும் பிடியோடும் இப்படிக் கோணம் அளக்கும் சென்சார்கள் இணைந்திருக்கும். ஒன்றின் பேரிங் இறுகினால் பிடியும் சேர்ந்து இறுகிவிடலாம். அதனால் சென்சாரின் தண்டில் ஓரிடத்தை வேண்டுமென்றே கழுத்துபோல மெலிதாகக் கடைவது உண்டு. இறுகினால் விமானியின் கைபலத்துக்கே அது முறிய வேண்டும், ஆனால் வருஷக்கணக்கான அதிர்வில் முறியக் கூடாது. முறிந்த துண்டு பல்சக்கரத்துக்குள் விழவும் கூடாது. உங்கள் வீட்டு ரேடியோவில் தற்செயலாக நடந்ததை இங்கே கணக்குப் போட்டு நடத்துகிறார்கள்.

பெரிய தலைவலி அப்புறம்தான். முறிந்த சென்சார் வாயை மூடாது, கடைசியாக நின்ற கோணத்தையே சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டு சென்சார் இரண்டு விதமாகச் சொன்னால் எதை நம்புவது? அதற்குத்தான் மூன்று, நான்கு என்று வைத்து, பெரும்பாலானவை சொல்வதை நம்புவது. நம் நாட்டுப் போர் விமானமான தேஜஸின் பறப்புக் கட்டுப்பாடே நான்கு தனி வழிகளில் ஓடுகிறது.

இதைச் சொன்னதும் அவள் கேட்டாள்: "எவ்வளவு பலத்துல முறியும்னு தெரிய, ஒண்ணை ஒடிச்சுத்தானே பார்க்கணும்?" ஆமாம், சிலவற்றை ஒடித்துத்தான் பார்ப்பார்கள். பதினேழு வயதில் இந்தக் கேள்வி வருகிற பிள்ளையை வேறு பக்கம் தள்ளாதீர்கள். "பொண்ணுக்கு எதுக்கு ஸ்பேனர் வேலை" என்ற பேச்சுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) 1949-இல் கல்லூரி தொடங்கிய காலத்திலேயே இந்தக் கருவிப் படிப்பு வந்துவிட்டது. செலவு விஷயத்துக்கு வருகிறேன். அவள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டும் அரசுடையது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் தனி. இத்தனை இருக்கும்போது நிலத்தில் கைவைக்காதீர்கள்.

முதல் சம்பளம் சாஃப்ட்வேர்காரர்களைவிடக் குறைவாக இருக்கலாம், அதை மறைக்க மாட்டேன். முதல் வேலை விமானத்தில் இல்லாமல் சிமென்ட் ஆலையில்கூட அமையலாம்.

கலந்தாய்வில் விருப்ப வரிசையை அவளே போடட்டும், கொழுந்தனார் பக்கத்தில் வேண்டாம். குமிழை வாங்கிப்போக அவளை ஒருநாள் அனுப்புங்கள்.