400 பவுண்டு ரேட்: கைக்கு எவ்வளவு வரும்?

கேள்வி: எட்டு வருடமாகச் சொந்த லிமிடெட் கம்பெனி வைத்து லண்டனில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் காண்ட்ராக்ட் செய்துவருகிறேன். புதிய கிளையன்ட், வேலை ‘இன்சைட் ஐஆர்35’, அதாவது வரிக் கணக்கில் நான் ஊழியர் மாதிரிதான் என்று சொல்லிவிட்டார்கள். நாளுக்கு 400 பவுண்டு, அம்பரல்லா கம்பெனி (காண்ட்ராக்டரைத் தன் ஊழியராக எடுத்து, வரி பிடித்துச் சம்பளம் தரும் கம்பெனி) வழியாகத்தான் வரவேண்டும் என்கிறது ஏஜென்சி. ஒரு அம்பரல்லாவில் கேட்டால் 60 சதவீதம்தான் கைக்கு வருமாம். இன்னொன்றில் 84 சதவீதம் தருகிறார்களாம். இரண்டாவதில் சேரலாமா?

பதில்: சேராதீர்கள். 60 சொன்னவர்தான் உள்ளதைச் சொல்லியிருக்கிறார்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வாரம் ஐந்து நாளுக்கு 2,000 பவுண்டு. அம்பரல்லாவின் கமிஷன் 20 என்று வையுங்கள். மீதி 1,980 முழுவதும் உங்கள் சம்பளம் என்று நினைத்தால் அங்கேதான் ஏமாறுவீர்கள். முதலாளியான அம்பரல்லா கட்டவேண்டிய நேஷனல் இன்ஷூரன்ஸ் என்ற சமூகப் பாதுகாப்புத் தொகை (சுமார் 245), தொழிற்பயிற்சிக்கான அப்ரென்டிஸ்ஷிப் லெவி (சுமார் 9) இரண்டும் அதிலிருந்தே போகின்றன. சம்பளமாக நிற்பது 1,727. அதில் வருமான வரி ஏறத்தாழ 449, உங்கள் பங்கு நேஷனல் இன்ஷூரன்ஸ் 73. கைக்கு வருவது 1,205 பவுண்டு. பென்ஷன் பிடித்தால் இன்னும் குறையும்.

அப்படியானால் 84 சதவீதம் எப்படி வரும்? சம்பளமாகச் சொற்பத் தொகையைக் காட்டிவிட்டு, மிச்சத்தைக் ‘கடன்’, ‘அட்வான்ஸ்’ என்று ஏதோ ஒரு பேரில் போடுவார்கள். பேஸ்லிப்பில் ஒரு தொகை, பேங்கில் அதைவிடப் பெரிய தொகை விழுந்தால் சந்தேகமே வேண்டாம். வரித்துறையான ஹெச்எம்ஆர்சி அதையும் வருமானம் என்றுதான் சொல்லும். சில வருடம் கழித்து நோட்டீஸ் வரும்போது அந்தக் கம்பெனி இருக்காது, நீங்கள் இருப்பீர்கள். ஏஜென்சியையும் பொறுப்பாக்கும் விதி 2026 ஏப்ரல் 6 முதல் வந்திருக்கிறது. நல்லதுதான், ஆனால் அதை நம்பி இதில் கால் வைக்காதீர்கள்.

கிளையன்ட்கள் ஏன் இப்படிப் பயப்படுகிறார்கள்? ஐஆர்35 2000-லேயே வந்துவிட்டது. அப்போது ‘நான் ஊழியர் மாதிரியா, தனித்தொழில் செய்பவரா’ என்று காண்ட்ராக்டரின் கம்பெனியே முடிவு செய்துகொள்ளும். 2017-ல் அரசுத் துறைகளிலும், 2021 ஏப்ரலில் தனியாரில் நடுத்தர, பெரிய நிறுவனங்களிலும் அந்த முடிவு கிளையன்ட் தலையில் வந்து விழுந்தது. தப்பாகச் சொன்னால் வரிப் பாக்கி அவர்களிடமே வந்து நிற்கலாம் என்பதால், எல்லோரையும் ‘இன்சைட்’ என்று எழுதிவிடுகிறவர்கள் பலர். 2022 செப்டம்பரில் இந்த மாற்றங்களை நீக்கப்போவதாக அரசு அறிவித்தது. ஒரு மாதத்துக்குள் அதே அரசு பின்வாங்கியது.

அப்புறம் 2025 ஏப்ரல். முதலாளியின் நேஷனல் இன்ஷூரன்ஸ் 13.8-லிருந்து 15 சதவீதமானது. அது தொடங்கும் வரம்பும் ஆண்டுக்கு 9,100 பவுண்டிலிருந்து 5,000-க்கு இறங்கியது. ‘முதலாளிக்குத்தானே கூடியிருக்கிறது’ என்று பேசாமல் இருந்த அம்பரல்லா ஊழியர்களுக்கு, அதே 400 பவுண்டு ரேட்டில் வாரச் சம்பளம் சுமார் 27 பவுண்டு குறைந்துபோனது. ரேட்டைக் கூட்டிக் கேட்க உங்களுக்கு இது நியாயமான காரணம்.

‘இன்சைட்’ என்ற முடிவையும் அப்படியே விழுங்க வேண்டியதில்லை. அந்த முடிவைக் காரணத்தோடு எழுதிய ஸ்டேட்டஸ் டிடர்மினேஷன் ஸ்டேட்மென்ட்டை கிளையன்ட் உங்களுக்குத் தரவேண்டும். உங்களுக்குப் பதில் வேறொருவரை அனுப்ப முடியுமா, வேலையை எப்படிச் செய்வது என்று யார் சொல்கிறார்கள், வேலை இல்லாத நாளிலும் அவர்கள் ஏதாவது தந்தாக வேண்டுமா என்று பாருங்கள். உங்கள் நிலைமைக்கும் அதில் எழுதியதற்கும் பொருந்தவில்லை என்றால் எழுத்தில் ஆட்சேபியுங்கள். 45 நாளுக்குள் கிளையன்ட் பதில் சொல்லியாக வேண்டும். முடிவு மாறுவது அபூர்வம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஏஜென்சியிடம் ‘கீ இன்ஃபர்மேஷன் டாக்குமென்ட்’ கேட்டு வாங்குங்கள். தரவேண்டியது அவர்கள் கடமை. மேலே போட்ட கணக்கு அதில் வரிவரியாக இருக்கும். விடுமுறைச் சம்பளத்தைப் பிடித்து வைக்கிறார்களா, வாராவாரம் சேர்த்தே தருகிறார்களா என்பதையும் பாருங்கள். பிடித்து வைத்ததைக் கேட்காமலே விட்டு இழந்தவர்கள் உண்டு.

ஏஜென்சியே தன் பேரோலில் உங்களை எடுத்துக்கொள்ளுமா என்றும் கேட்டுப் பாருங்கள். முதலாளியின் பங்கைத் தனியாக அவர்களே கட்டுவதால், அவர்கள் சொல்லும் ரேட் 400-ஐ விடக் குறைவாகத்தான் இருக்கும், திடுக்கிடாதீர்கள். மேலே வந்த வாரச் சம்பளம் 1,727-ஐ ஐந்தால் வகுத்தால் நாளுக்குச் சுமார் 346 பவுண்டு. விடுமுறைச் சம்பளத்தையும் சேர்த்து அதைத் தாண்டினால் அம்பரல்லாவை விட அதுதான் உங்களுக்கு லாபம்.