எம்.பி.பி.எஸ். மாணவியின் மூன்று வார விடுமுறையைப் பயனுள்ளதாகக் கழிப்பது எப்படி?

கேள்வி: என் மகள் எம்.பி.பி.எஸ். முதலாண்டுத் தேர்வை முடித்துவிட்டு மூன்று வார விடுமுறையில் வீட்டுக்கு வருகிறாள். குடும்பச் சுற்றுலா, அவளுடைய பழைய பொழுதுபோக்குகள், அடுத்த ஆண்டுப் பாடங்களை முன்கூட்டியே படிப்பது ஆகியவற்றை எப்படித் திட்டமிட்டால் விடுமுறை பயனுள்ளதாக இருக்கும்?

பதில்:

‘பயனுள்ளதாக’ என்ற சொல்லில் நின்றுவிட்டேன். ஓராண்டாக அந்தப் பிள்ளை செய்தது எல்லாமே பயனுள்ளதுதான். காலையில் பயனுள்ள வகுப்பு, அதன்பின் உடலைப் பதப்படுத்தும் ஃபார்மலின் நெடியில் பயனுள்ள டிஸெக்‌ஷன் (பிண அறுவை), இரவு ஒரு மணி வரை பயனுள்ள ரெக்கார்டு நோட்டு. அப்படி வருகிறவளுக்கு நீங்கள் இந்நேரம் அட்டவணையே போட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். நான்கு நாள் மூணாறு, ஒரு நாள் குலதெய்வம் கோயில், பாதியில் விட்ட பாட்டு வகுப்பு, மாலையில் இரண்டு மணி நேரம் பெதாலஜி, அதாவது அடுத்த ஆண்டின் நோயியல் பாடம். அப்படி இல்லையென்றால் மன்னித்துவிடுங்கள். கேள்வியின் தொனி எனக்கு அப்படித்தான் கேட்டது.

நான் இப்போது இறுதியாண்டு. ஆலங்குளம் பக்கம் ஒரு சிற்றூர். அரசுப் பள்ளி, தமிழ்வழி. 2022இல் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. (இதைச் சொன்னால் கீழே யாராவது வந்து “நீட்டில் எவ்வளவு?” என்று கேட்பார்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து, நீட்டிலும் தேறியவர்களுக்குத்தான் அந்த ஒதுக்கீடு. கல்லூரிக்குள் போன பிறகு பல்கலைக்கழகம் எனக்கென்று தனி வினாத்தாள் அச்சடிப்பதில்லை.)

அப்பா பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா பீடி சுற்றுகிறார். ஆம், மருத்துவ மாணவியின் அம்மா பீடி சுற்றுகிறார். விடுதியில் ஒருத்தி இதைக் கேட்டுச் சிரித்தாள். புற்றுநோய் பற்றிய வகுப்பில் புகையிலை என்ற சொல் வரும்போதெல்லாம் என் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். பீடிப் பாக்கெட்டில் 85 சதவீத இடத்தை எச்சரிக்கை அடைத்துக்கொண்டிருப்பது அம்மாவுக்கும் தெரியும். அந்த வேலைக்குப் பதில் இன்ன வேலை இருக்கிறது என்று சொல்லத்தான் எங்கள் ஊருக்கு இதுவரை யாரும் வரவில்லை. கட்டணத்தை அரசு பார்த்துக்கொண்டது. மெஸ், பஸ், வெள்ளைக் கோட்டு, கலர் பென்சில் எல்லாம் அம்மா பீடி சுற்றும் முறத்திலிருந்து வந்தவை.

முதலாண்டுத் தேர்வின் கடைசி நாள் எனக்கு அனாடமி வைவா, அதாவது உடற்கூறியலில் வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மணிக்கட்டின் சிற்றெலும்புகள் எட்டையும் வரிசையாகச் சொல்லச் சொன்னார். ஏழு சொன்னேன். எட்டாவது வரவில்லை. அவர் தன் கட்டைவிரலை ஆட்டிக் காட்டினார். அதைவிடப் பெரிய உதவியை எந்தத் தேர்வாளரும் செய்யமாட்டார். அப்போதும் வரவில்லை. “சரி, போ அம்மா” என்றார். வராண்டாவுக்கு வந்து மூன்றாவது தூணைத் தாண்டும்போது ‘டிரப்பீசியம்’ என்று தானாக வந்தது. கட்டைவிரலின் அடியில் உட்கார்ந்திருக்கிற எலும்பு. அதன் மேல் உள்ள மூட்டு குதிரைச் சேணம் மாதிரி வளைந்திருப்பதால்தான் நம் கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு எதிரே வந்து நிற்க முடிகிறது. இவ்வளவும் தெரியும், பெயர் மட்டும் வரவில்லை.

உங்கள் மகளும் இப்படி ஏதாவது ஒரு டிரப்பீசியத்தைச் சுமந்துகொண்டுதான் வந்து இறங்குவாள். தேர்வு முடிந்துவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள். முடிவு வரும்வரை முடியவில்லை. ஒரு பாடம் போனாலும் துணைத் தேர்வு எழுத வேண்டும், அதிலும் போனால் உடன் படித்தவர்கள் மேலே போக, அவள் கீழே நிற்க வேண்டும். அதனால் முதல் நான்கு நாள் தூங்குவாள், தூங்கவிடுங்கள். நான் தூங்கினேன். மதியம் சாப்பாட்டுக்கு எழுப்பினால் சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினேன். ஆச்சி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருநீறு பூசியது அரைகுறையாக நினைவிருக்கிறது.

ஐந்தாம் நாள் பெரிய மாமா எம்.ஆர்.ஐ. படத்தோடு வந்தார். முதுகுவலி. நான் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அப்போது எனக்குத் தெரிந்தது முதுகெலும்பு எது, அதில் இடுப்புப் பகுதி எது என்பது மட்டும். அதுவும் செத்தவர்களின் எலும்பில். நோயைப் பற்றிய பாடமே இரண்டாம் ஆண்டில்தான் தொடங்கும் என்று சொன்னேன். “ஒரு வருஷமாக என்னதான் சொல்லிக் கொடுத்தார்கள்?” என்றார் மாமா. தயவுசெய்து வீட்டில் யாருடைய ஸ்கேனையும் அவள் கையில் கொடுக்காதீர்கள். தெரியாது என்று சொல்வது எங்களுக்குச் சுலபமில்லை.

சரி, சுற்றுலா. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லே கிடையாது. அம்மாவுக்கு விடுப்பு என்று ஒன்று இல்லை. சுற்றாத நாளுக்குக் கூலி இல்லை, அவ்வளவுதான். தங்கைதான் கிளப்பிவிட்டாள். தென்காசியிலிருந்து விடியற்காலை ரயில் ஏறினால் செங்கோட்டை தாண்டி மலைக்குள் புகுந்து காலையில் கொல்லம், நண்பகல் ரயிலில் திரும்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு. முன்பதிவில்லாப் பெட்டி. நால்வருக்கும் ஆன செலவு, என் வகுப்புத் தோழிகள் ஒரு மாலை பீட்சாவுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு.

அந்த ஒரு நாளை வாங்குவதற்காக அம்மா முந்தைய இரண்டு இரவுகள் கூடுதலாகச் சுற்றினார். நானும் உட்கார்ந்தேன். அம்மா சுற்றி நூல் கட்டிப் போடப் போட, முனை மடக்குவது என் வேலை. பள்ளி நாட்களில் செய்த வேலைதான்; கை மறக்கவில்லை. வைவாவில் மறந்த மூளை, இதை மட்டும் எங்கே வைத்திருந்ததோ. (பக்கத்தில் பெதாலஜிப் புத்தகம் திறந்தே இருந்தது என்று பெருமைக்குச் சொல்லலாம். திறந்தே இருந்தது. அவ்வளவுதான்.)

அந்த ரயில் பாதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1904இல் ரயில் ஓடத் தொடங்கிய பாதை அது. நான் சிறுமியாக இருந்தபோது மீட்டர் கேஜை அகலமாக்குகிறோம் என்று 2010இல் மூடினார்கள், 2018இல்தான் முழுவதும் திறந்தார்கள். செங்கோட்டை தாண்டியதும் வேகம் குறைந்துவிடும். ஏற்றத்துக்காக ரயிலின் பின்னாலும் ஓர் என்ஜின் பூட்டுகிறார்கள். முன்னால் ஒன்று இழுக்க, பின்னால் ஒன்று தள்ள, நடுவில் நாம். ஆரியங்காவு பக்கம் வரும்போது வெளிச்சம் வந்துவிட்டது. குகை வரும்போதெல்லாம் பெட்டியில் இருந்த கல்லூரிப் பையன்கள் கத்தினார்கள். என் தங்கையும் கத்தினாள். அவளை அடக்கிக்கொண்டிருந்த அம்மா மூன்றாவது குகையில் தானும் ஒரு சத்தம் கொடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

கழுதுருட்டி அருகே பதிமூன்று கண் பாலம் வரும். கருங்கல் வளைவுகள், ஓரத்திலேயே கொல்லம் சாலை. எல்லாரும் வலைத்தளத்தில் படம் போடும் பாலம்தான். அப்பா இளவயதில் பாவூர்சத்திரத்திலிருந்து புனலூருக்குத் தக்காளியும் வெண்டைக்காயும் ஏற்றிப் போன லாரிகளில் கிளீனர். அந்தப் பாலத்தை நூற்றுக்கணக்கான முறை கீழேயிருந்து பார்த்தவர், ஒரு தடவைகூட மேலே போனதில்லை. ரயில் பாலத்தில் ஏறியதும் நாங்கள் மலையையும் மேகத்தையும் பார்த்தோம். அப்பா கழுத்தை நீட்டிக் கீழே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அந்த வளைவில்தான் ஒரு தடவை டயர் வெடித்தது. விடியும்வரை மழையில் நின்றோம்” என்றார். யார் டயர், எந்த வருஷம் என்று தங்கை கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அந்தச் சாலை மரங்களுக்குள் மறையும்வரை பார்த்தார்.

அம்மா வேறொன்றைத் தேடினார். காடு அடர்த்தியான இடத்தில் என்னைத் தட்டி, “ஏட்டி, பீடி இலை மரம் இந்தக் காட்டில் இருக்குமா?” என்று கேட்டார். இருபத்திரண்டு வருடமாக நாள்தோறும் அந்த இலையை நனைத்து, தகரத்தை வைத்து அளவுக்கு வெட்டி, புகையிலைத் தூளை வைத்துச் சுற்றுகிறவர், அது மரத்தில் இருந்து பார்த்ததில்லை. எனக்கும் தெரியவில்லை. எலும்புகள் 206க்கும் பெயர் (சரி, 205க்கு) தெரிந்தவளுக்கு, தன்னை வளர்த்த இலை எங்கே, எந்த மரத்தில் துளிர்க்கிறது என்று தெரியவில்லை. கைப்பேசியில் சிக்னல் கிடைத்ததும் தேடினேன். தெந்து மரம், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசாக் காடுகளிலிருந்து வருகிறது. படத்தைக் காட்டினேன். அம்மா பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இந்த இலை நன்றாக இருக்கிறது. நமக்கு வருவதெல்லாம் ஓட்டை” என்றார்.

இலை என்றதும் நினைவு வருகிறது, சொல்லாமல் போனால் எனக்கு ஆறாது. ஆயிரம் பீடிக்கு என்று கடையில் எடைபோட்டு இலை கொடுப்பார்கள். அதில் காய்ந்ததும் கிழிந்ததும் போக ஆயிரம் தேறாது. ஆனால் திருப்பிக் கொடுக்கும்போது ஆயிரம் இருக்க வேண்டும். குறைகிற இலையை அம்மா தன் காசில் வெளியே வாங்கிச் சுற்றுவார். அதற்கு மேல், கணக்குப் பார்க்கிறவர் கட்டைப் பிரித்து, இது தடிமன், இது தளர்வு என்று ஒரு கைப்பிடியைக் கழித்து எறிவார்; கழித்ததற்குக் கூலி இல்லை, ஆனால் அந்தப் பீடி அம்மா கைக்குத் திரும்பியும் வராது. இதற்கும் உங்கள் கேள்விக்கும் தொடர்பில்லை என்று தெரியும். ஆனால் விடுமுறையில் நான் கற்றுக்கொண்ட ஒரே கணக்கு இதுதான். அதுவரை ஆயிரத்துக்கு இவ்வளவு கூலி என்றால் அது முழுசாகக் கைக்கு வரும் என்றே நினைத்திருந்தேன்.

கொல்லத்தில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. புட்டும் கடலைக் கறியும் சாப்பிட்டோம். கடற்கரைக்குப் போனோம். கடல் எங்களுக்குப் புதிதல்ல, திருச்செந்தூர்க் கடலில் குளித்து வளர்ந்தவர்கள். அலை பெரிதாக இருந்தது, வெயிலும் பெரிதாக இருந்தது, அரை மணியில் கிளம்பிவிட்டோம். திரும்பும் ரயிலில் அம்மா என் தோளில் சாய்ந்து குகைகள் அத்தனையையும் தூங்கியே கடந்தார்.

பொழுதுபோக்கு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் படம் வரைவது பிடிக்கும். பள்ளியில் பரிசுகூட வாங்கியிருக்கிறேன். மருத்துவத்தில் அது உதவும் என்று எல்லாரும் சொன்னார்கள். உதவியது, கூடவே கொன்றும்விட்டது. திசுவியல் ரெக்கார்டில் எல்லாவற்றையும் ஊதாவிலும் இளஞ்சிவப்பிலும் வரைய வேண்டும். ஹிமடாக்சிலின் சாயம் செல்லின் கருவை ஊதாவாக்கும், ஈயோசின் மற்றதை இளஞ்சிவப்பாக்கும். கல்லீரலும் அப்படித்தான், நாக்கும் அப்படித்தான். ஓராண்டில் அந்த இரண்டு பென்சில்களும் விரல்நுனி அளவுக்குத் தேய்ந்தன. பச்சையும் மஞ்சளும் கடையில் வாங்கியபடி இருந்தன. வீட்டுக்கு வந்தும் பெட்டியைத் திறக்கப் பிடிக்கவில்லை. அப்பா மட்டும் இரண்டு தடவை, “வரையவில்லையா?” என்று கேட்டார். அதனால்தான் சொல்கிறேன், பழைய பாட்டு வகுப்பை நினைவூட்டாதீர்கள். அவள் விட்டதற்குக் காரணம் இருக்கலாம், அது அவளுக்கே இன்னும் தெரியாமல் இருக்கலாம்.

கொல்லத்திலிருந்து வந்த மறுநாள் அம்மா பழையபடி முறத்தோடு உட்கார்ந்தார். கட்டைவிரல் ஒவ்வொரு பீடிக்கும் மற்ற விரல்களுக்கு எதிரே வந்து, உருட்டி, விலகி, மறுபடி வந்தது. அதன் அடியில், சேணத்தின் மேல், லேசாக வீங்கியிருந்தது. தொட்டேன். “அங்கேதான் வலிக்கும், ராத்திரியில்” என்றார். டிரப்பீசியம். எழுந்துபோய்ப் பெட்டியை எடுத்து வந்தேன். தேய்ந்த அந்த இரண்டு பென்சில்களே கையில் வந்தன. இலை, நூல், கத்தரி, கை எல்லாவற்றையும் ஊதாவிலும் இளஞ்சிவப்பிலும் வரைந்தேன். அம்மா பார்த்துவிட்டு, “என் கை என்ன பீட்ரூட்டா?” என்றார். கத்தரியை எந்த விரலில் மாட்டுவது என்பதும் தப்பு என்றார். அழித்து மாற்றினேன்.

எல்லாருக்கும் இப்படி நடக்கும், நடக்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. மூணாறு போக வசதி இருந்தால் போங்கள், எனக்கு மூணாறு மேல் விரோதம் இல்லை. முன்கூட்டியே பெதாலஜி படித்துத் தங்கப்பதக்கம் வாங்கியவர்களும் இருப்பார்கள். அவர்கள் தனியாகப் பதில் எழுதட்டும். எனக்கு அனாடமியில் தேவைக்கு மேல் நான்கு மதிப்பெண் வந்தது, அதோடு திருப்தி.

ஒரே ஒரு யோசனை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். எங்களுக்கும் மூன்று வாரம் என்றுதான் அறிவித்தார்கள். பன்னிரண்டாம் நாள் இரவு பத்தரைக்கு வாட்ஸாப்பில், திங்கட்கிழமை வகுப்பு, வராதவர்களுக்கு வருகைப்பதிவு குறையும் என்று செய்தி வந்தது. அப்பா கையில் இருந்ததைப் போட்டு ஆம்னி பஸ்ஸில் அனுப்பினார். ஏற்கெனவே எடுத்திருந்த ரயில் டிக்கெட்டில் பாதிகூடத் திரும்பவில்லை. அதனால் உங்கள் மகளுக்குத் திரும்பும் டிக்கெட்டை மட்டும் இப்போதே எடுக்காதீர்கள்.