கிணற்று மோட்டார்: சித்திரையில் ஏன் இழுக்கவில்லை?

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டுக் கிணறு 45 அடி. கோடையில் தண்ணீர் 35 அடிக்கு இறங்கிவிடும். மேலே வைத்த ஒரு ஹெச்.பி. மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இணைந்தது) அப்போது காற்றைத்தான் இழுக்கிறது. ஒன்றரை ஹெச்.பி. வாங்கலாமா?

பதில்: வேண்டாம், பணம் வீண். மேலிருந்து உறிஞ்சும் எந்த பம்பும் நடைமுறையில் 25 அடிக்குக் கீழிருந்து நீரை எடுக்காது. நீரை மேலே தள்ளுவது காற்றழுத்தம்தான், ஹெச்.பி.யைக் கூட்டினாலும் அது அதிகரிக்காது.

உங்களுக்கு ஏற்றது ஓபன்வெல் சப்மெர்சிபிள், அதாவது கிணற்று நீருக்குள் மூழ்கியே ஓடும் பம்ப். அளவை இப்படிக் கணக்கிடுங்கள்: நீர்மட்டம் 35 அடி, மொட்டைமாடித் தொட்டி தரையிலிருந்து 30 அடி என்றால் 65. குழாய் உராய்வுக்கு 10 சேர்த்தால் 75 அடி, அதாவது சுமார் 23 மீட்டர். பம்பின் பெயர்ப்பலகையில் உள்ள ஹெட் (நீரை ஏற்றும் உயரம்) வரம்பின் நடுப்பகுதியில் இந்த 23 வர வேண்டும். ஒரு ஹெச்.பி.யே போதும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று 50 மீட்டர் பம்பை வாங்காதீர்கள். குறைந்த ஹெட்டில் அது அதிக ஆம்பியர் இழுத்து மோட்டாரின் கம்பிச்சுருள் (காயில்) எரியும்.

இறக்குமுன் கிணற்றைத் தூர்வாருங்கள். பம்ப் சேற்றில் உட்கார்ந்தால் இம்பெல்லர் (நீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) அடைக்கும், அதனால் செங்கல் மேடை தேவை. பம்பை நைலான் கயிற்றில் கட்டுங்கள், கேபிளில் தொங்கவிடவே கூடாது. நீர் வற்றினால் தானே நிற்கும் டிரை ரன் பாதுகாப்புள்ள ஸ்டார்ட்டர் கட்டாயம்.

போர்வெல் பம்பைக் கிணற்றில் போடுவதானால் மோட்டாரைச் சுற்றி பி.வி.சி. உறை வேண்டும், இல்லாவிட்டால் மோட்டாரை ஒட்டி நீரோட்டம் இருக்காது, சூடேறும்.